தண்ணீருக்குள் ஒரு வார்ப்பாலை

வில்மா கோவாச்சிடம் மீன்தொட்டிக்குப் பின்சுவர் கேட்டு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் ஒரு படத்தை நீட்டுவார்கள். பவளப்பாறை, மூழ்கிய கப்பல், உடைந்த கிரேக்கத் தூண், இந்த மூன்றில் ஒன்று. கடையில் சுருளாக விற்கிற நீலக் காகிதத்தைத் தொட்டியின் பின்கண்ணாடியில் ஒட்டி ஒட்டி அலுத்துப்போன ஆட்கள். வில்மா அந்தப் படத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கமாட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். நீங்க சின்ன வயசுல எந்த இடத்துல அதிகமா நின்னுக்கிட்டிருந்தீங்க, அதச் சொல்லுங்க" என்பாள்.

அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் கெல்பர்ன் ஊரின் பல் மருத்துவருக்கு ஒரு சுரங்க ரயில் நிலையம் கிடைத்தது. தண்டவாளத்துக்கு மேலே செவுள் ஆட்டிக்கொண்டு மீன்கள் காத்திருக்கும். ஒரு விவசாயிக்கு வெள்ளத்தில் முங்கிய சோளக்கொல்லையும் துருப்பிடித்த டிராக்டரும். ஓய்வுபெற்ற நூலகக்காரிக்குப் புத்தக அலமாரி, மீன் முட்டையிட வசதியாக இடையிடையே புத்தகம் உருவப்பட்ட இடைவெளிகளோடு. இன்னொருவன் மாமியாரின் முகம் கேட்டான். "வாய மட்டும் நல்லா பெருசாத் திறந்து வைங்க, மீனு உள்ள போய் வெளிய வரட்டும்" என்றான். செய்து கொடுத்தாள். மாமியார் வந்து பார்த்துவிட்டு, "வாய் சரியா இருக்கு. மூக்குதான் எங்க அக்காவோடது" என்று சொன்னதாகக் கேள்வி.

பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்கு மக்ரோனியும் பட்டாணியும் அள்ளிப் போடுகிற வேலை. மற்ற நேரமெல்லாம் வீட்டை ஒட்டிய கார் கொட்டகையில் தெர்மாகோல் செதுக்குவாள். வீட்டுச் சுவருக்குள் குளிர் தாங்க வைக்கிற கெட்டியான நீலப் பலகையை வெட்டி, சூட்டுக்காற்று பிடித்து உருக்கி, கம்பித் தூரிகையால் கீறி, மேலே சிமெண்ட் கூழைப் பூசினால் அது செங்கல்லாகும், மரப்பட்டையாகும், துருவாகும். பிறகு சிலிக்கான் பசை வைத்துப் பின்கண்ணாடியில் ஒட்டவேண்டும். அதற்கும் பிறகுதான் பொறுமைக்குச் சோதனை. சிமெண்ட் தண்ணீரில் சுண்ணாம்பைக் கக்கும். அந்தக் காரத்தில் மீனின் செவுள் வெந்துபோகும். தண்ணீரை நிரப்பி, இறைத்து, நிரப்பி, இறைத்து, சோதனைக் குப்பியில் சொட்டு விட்டால் ஊதா நிறம் வெளிறுகிற வரைக்கும் ஒரு மீனைக்கூட உள்ளே விடக்கூடாது. ஒரு மாதம் ஆகும், சில சமயம் அதற்கு மேலும். அவசரப்பட்டு விட்டுவிட்டு, செத்து மிதக்கும் மீனைப் பையில் போட்டுக்கொண்டு அழுதபடி வந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்களுக்கு அவள் இரக்கம் காட்டியதில்லை.

"பொறுக்கத் தெரியாதவங்க நாய் வளக்கணும்" என்பாள்.

அவளுக்கே பொறுக்க முடியாத காலம் ஒன்று வந்தது. ஜனவரி மாதம், அவள் கணவன் ஆர்லனை மருத்துவமனை கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவைத்தபோது.

ஆர்லன் கோவாச் பள்ளி முடித்த கோடையில் பிரெண்டல் வார்ப்பாலைக்குள் போனவன். லாரி என்ஜின்களுக்கு இரும்பு வார்க்கும் ஆலை. அவனுக்கு உதறுமேடையில் வேலை. உருகிய இரும்பை மணல் அச்சில் ஊற்றி, ஆறியதும் அந்த அச்சைக் கொண்டுவந்து கிடுகிடுவென்று ஆடுகிற இரும்புச் சல்லடைமேல் போடுவார்கள். மணல் உதிர்ந்து கீழே போகும், வார்ப்பு மேலே நிற்கும். கீழே போகாத மணலும் உண்டு. வெந்து நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத தூளாகி, காற்றில் நிற்கிற மணல். அதை உதறுமேடைக்காரர்கள் மூச்சாக இழுத்தார்கள். நுரையீரலுக்குள் போன மணல் திரும்பி வருவதில்லை. அது அங்கேயே உட்கார்ந்து, தன்னைச் சுற்றித் தழும்பு கட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஆளைக் கல்லாக்கும்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. தூசு எழும் இடத்தில் தண்ணீரைப் பூந்தூறலாகத் தெளித்தால் தூசு அடங்கும். சாணி தெளித்து வாசல் கூட்டுகிறவர்களுக்குக்கூடத் தெரிந்த விஷயம். உதறுமேடைக்காரர்கள் ஒரு தண்ணீர்க்குழாய் கேட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் கேட்டார்கள். நனைந்த மணலைத் திருப்பிப் பயன்படுத்த முடியாது, காயவைக்கச் செலவாகும் என்று நிர்வாகம் சொன்னது. மனிதனைத் திருப்பிப் பயன்படுத்த முடியுமா என்று யாரும் நிர்வாகத்தைக் கேட்கவில்லை. அதிகாரிகள் தூசு அளக்க வருகிற நாளில் சல்லடை பழுது என்று நிறுத்திவைத்து, தரையைக் கழுவி விடுவார்கள். அந்த ஒரு நாளுக்கு மட்டும் தண்ணீர் தாராளமாகக் கிடைத்தது. கடைசியில் ஆர்லனுக்கு மூச்சு முட்டியபோது ஆலையின் மருத்துவர் சிகரெட்டால் வந்தது என்று எழுதிக் கொடுத்தார். ஆர்லன் வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டவனில்லை.

"இப்பவாவது ஆரம்பிக்கலாமா டாக்டர்? பொய் சொன்னவர்னு உங்களுக்குப் பேர் வரக்கூடாது பாருங்க" என்று கேட்டுவிட்டு வந்தான். அந்தத் தமாஷை நினைத்து நினைத்து வில்மா சிரித்திருக்கிறாள். பிறகு கொட்டகையில் தனியாக உட்கார்ந்து பற்களைக் கடித்திருக்கிறாள்.

ஜனவரியில் வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு முன்னறையில் கட்டில் போட்டார்கள். மூக்கில் குழாய், பக்கத்தில் உறுமிக்கொண்டே இருக்கும் ஆக்ஸிஜன் இயந்திரம். எதிர்ச்சுவரில் ஆறடி நீளத் தொட்டி, அவனுடையது. மலாவி ஏரி மீன்கள், மஞ்சளும் நீலமுமாக. வெயில் காலத்தில் செய்த பழைய பின்சுவர் பாறை ஒன்று அதில் முன்பு இருந்து, பிளந்துபோயிற்று. மீன்கள் அதன் பின்னால் போய்ச் சிக்கிக்கொண்டன என்று டிசம்பரிலேயே வில்மா அதைப் பிடுங்கி எறிந்து, மீன்களை நிலவறையில் ஒரு நீலப் பீப்பாய்க்கு மாற்றியிருந்தாள். ஆக, அவன் கண்ணெதிரே இருந்தது வெறுங்கண்ணாடி.

வீட்டுக்கு வந்து போகும் செவிலி வில்மாவை வாசல்பக்கம் கூப்பிட்டு, "பனி உருகறதப் பாப்பாரான்னு சொல்ல முடியல" என்றாள்.

வில்மா உள்ளே வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "உனக்கு ஒரு பின்சுவர் செய்யறேன். உன் தொட்டிக்கு இதுவரைக்கும் ஒழுங்கா ஒண்ணுமே செஞ்சதில்ல. செருப்பு தைக்கறவன் பொண்டாட்டி வெறுங்கால்ல நடக்கற கதையாப் போச்சு. என்ன வேணும், சொல்லு."

ஆர்லன் தொட்டியைப் பார்த்தான். மூச்சுக்காகக் காத்திருந்து பேசுவது அவன் வழக்கமாகிவிட்டது.

"நீதான் எல்லாரையும் கேப்பியே. எங்க அதிகமா நின்னேன்னு."

"சரி, கேக்கறேன். எங்க நின்னே?"

"உதறுமேடைல." கொஞ்சம் மூச்சு. "அந்த ஆலைய எனக்குச் செஞ்சு குடு வில்மா. செஞ்சு, தண்ணிக்குள்ள முக்கு. கூரை வரைக்கும் முக்கு. எத்தன வருஷம் தண்ணி கேட்டோம். நான் கண்ண மூடறதுக்குள்ள அங்க தண்ணி நிக்கறதப் பாக்கணும்."

இதைக் கேள்விப்பட்ட ஆர்லனின் தங்கை ஃபேய் ஒரு பெரிய சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். விரித்தால் மேகம், ஒளிக்கற்றை, இரண்டு தேவதைகள்.

"சாகக் கெடக்கறவன் கண்ணு முன்னாடி அவனக் கொன்ன எடத்தையா கொண்டாந்து வப்பே? ஒனக்கு மனசு இருக்கா, இல்ல அதுக்கும் சிமெண்ட் பூசிட்டியா?"

"அவன் கேட்டது அது ஃபேய்."

"ஃபாதரும் சொன்னாரு, இந்த மாதிரி நேரத்துல மனச மேல திருப்பணும்னு."

கட்டிலிலிருந்து ஆர்லன் சொன்னான்: "மேல பாத்துட்டுத்தான் நின்னேன் ஃபேய், முப்பது வருஷம். மேல கூரைல தூசுதான் தொங்குச்சு."

ஃபேய் சுருளை மடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போய் முட்டைக்கோஸ் உருண்டை வேகவைத்தாள். அவளுக்கும் அழுகிற இடம் வேண்டியிருந்தது.

வில்மா அன்றே நீலப் பலகையை வெட்ட ஆரம்பித்தாள். ஆர்லன் படுத்துக்கொண்டே பழைய கடித உறைகளின் முதுகில் படம் போட்டுத் தருவான். உலையின் புகைபோக்கி, உடைந்த சன்னல் சில்லுகள், அச்சுகளை ஏற்றிவரும் நீளமான பட்டை, ஆள் நுழையும் பெரிய வாசல். "வாசலத் திறந்தே வை. மீனுங்க போய் வரணும். பின்பக்கமும் வழி வை, எங்களுக்கு வைக்கல" என்றான். இன்னொரு யோசனையும் அவனுடையதுதான். வடிகட்டியிலிருந்து தண்ணீர் திரும்பி விழுகிற குழாயைத் தொட்டியின் மூலையில் வைக்காமல், துளைகள் போட்டு உதறுமேடைக்கு நேர் மேலே நீட்டச் சொன்னான். "அங்கதான் குழாய் கேட்டோம். அங்கயே வை."

அவள் செய்த பின்சுவர்களிலேயே இது கடினமானது. வேலையைவிடச் சூழ்நிலை கடினம். நுரைப்பலகைத் துகளோ சிமெண்ட் தூளோ ஒரு சிட்டிகைகூட வீட்டுக்குள் போகக்கூடாது. கொட்டகையில் எதைத் தொடுவதற்கு முன்னும் அதை நனைத்தாள். சிமெண்ட் மூட்டையை ஈரத்துண்டு போர்த்தித்தான் பிரித்தாள். முகமூடி போட்டாள். வீட்டுக்குள் நுழையுமுன் சலவை எந்திரத்துக்குப் பக்கத்திலேயே உடையைக் களைந்து, தலையை அலசி, வேறு உடை போட்டாள், பிப்ரவரிக் குளிரில், நாளுக்கு நாலைந்து தடவை. பள்ளிக்கூடத்தில் சூப்பு அள்ளும் ஒரு பெண் தன் கார் கொட்டகையில் ஒரே ஒருவனுடைய மூச்சுக்காகச் செய்ய முடிந்ததை, நூற்றுக்கணக்கான ஆட்களும் வக்கீல்களும் வைத்திருந்த பிரெண்டல் நிர்வாகத்தால் செய்ய முடியவில்லை. முடியாதது என்ன, மனமில்லை.

குளிரில் சிமெண்ட் இறுகாது. சூடேற்றியைப் பக்கத்தில் வைத்து, நனைந்த சாக்குப் போர்த்தி, கைக்குழந்தைக்குக் காவல் இருப்பதுபோல இருந்தாள். ஒவ்வொரு பூச்சும் காயக் காத்திருக்கும்போது முன்னறையிலிருந்து இருமல் கேட்கும். அந்த இருமல் நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டு வந்தது. நீளமாக இருமக்கூட அவனுக்குக் காற்று போதவில்லை.

ஒட்டுகிற நாள் வந்தது. சிலிக்கான் பசை காயும்போது வினிகர் நெடி அடிக்கும். அது அவன் நுரையீரலுக்கு ஆகாது. அதனால் ஃபேயும் அவளுமாகக் கட்டிலைப் பின்னறைக்குத் தள்ளிக் கதவிடுக்கில் துணி அடைத்தார்கள். பின்னறைச் சன்னலிலிருந்து பக்கத்து வீட்டின் குப்பைத் தொட்டிதான் தெரியும்.

"எத்தன நாளு இங்க?" என்று ஆர்லன் கேட்டான்.

"பசை காயற வரைக்கும்தான். ஒரு நாலு நாளு."

"சீக்கிரம் வில்மா. என்கிட்ட நாளு சில்லறையாத்தான் இருக்கு."

அந்தச் சொல்தான் அவளைத் தப்புச் செய்ய வைத்தது. பழைய பாறையைப் பிடுங்கிய இடத்தில், பின்கண்ணாடியில் பழைய பசையின் மெல்லிய தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. காய்ந்த சிலிக்கான்மேல் புது சிலிக்கான் பிடிக்காது. சவரத்தகட்டால் மயிரிழை விடாமல் சுரண்டி, ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து, விரல் வைத்தால் கிறீச்சென்று கத்துகிற வரைக்கும் கண்ணாடியைச் சுத்தம் செய்யவேண்டும். ஊரெல்லாம் கற்றுக்கொடுத்த பாடம் அது. அவள் பாதி சுரண்டினாள். மீதி தெரியாது என்று நினைத்தாளா, போதும் என்று நினைத்தாளா, அவளுக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. காதில் இருமல் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

நாலு நாள் கழித்துச் சன்னல்களைத் திறந்து நெடி போக்கி, ஆர்லனைத் திரும்ப முன்னறைக்கு உருட்டிக்கொண்டு வந்தார்கள். அவன் ஆலையைப் பார்த்தான். சன்னல் சில்லு ஒவ்வொன்றையும் பார்த்தான், வாசலைப் பார்த்தான்.

"வாசல் மேல ஒரு பலகை இருக்குமே" என்றான்.

"'பாதுகாப்பே முதல்'னு. பூசாம விட்டுட்டேன். வேணுமா?"

"வேணாம். பொய்ய எதுக்கு நனைக்கணும்."

வில்மா தோட்டக்குழாயைத் தொட்டிக்குள் விட்டாள். தண்ணீர் ஆலையின் வாசற்படியைத் தொட்டது. உள்ளே நுழைந்தது. பட்டையை மூடி உதறுமேடை மேல் ஏறியது. ஆர்லனின் வலது கை போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தது. "ஏறு, ஏறு" என்று முணுமுணுத்தான், யாருக்கோ கட்டளை போடுவதுபோல. தண்ணீர் சன்னல்களைத் தாண்டியது. கூரைக்கு ஒரு சாண் இருந்தது.

அப்போது ஏதோ கிழிகிற சத்தம் கேட்டது.

தெர்மாகோலுக்குத் தண்ணீருக்குள் இருக்கப் பிடிக்காது. மேலே வருவதற்கு அது எந்நேரமும் முட்டிக்கொண்டேதான் இருக்கும். பசை மட்டும்தான் பிடித்துவைக்கிறது. இடதுமூலை விட்டது, பிறகு அடிப்பக்கம் முழுதும் விட்டது. ஆறடி வார்ப்பாலை அப்படியே குப்புறச் சாய்ந்து, புகைபோக்கி முன்கண்ணாடியில் இடித்து முறிய, தண்ணீரைத் தூக்கியடித்துக்கொண்டு மேலே வந்தது. வில்மா இரண்டு கைகளையும் தோள்வரை உள்ளே விட்டு அதை அமுக்கினாள். அது அவளைத் தூக்கியது. ஸ்டூல் மேல் ஏறி நெஞ்சால் அழுத்தினாள். தண்ணீர் கழுத்து வழியாக உடம்பெல்லாம் ஓடியது.

"இரு! இருந்து தொலை! ஃபேய், செங்கல் எடு! எதையாவது எடு!"

கட்டிலில் ஆர்லன் சிரித்தான். "பாருடி... பிரெண்டல் ஆலை... அமுக்குனாலும் மேல வருது..." சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்கவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. ஃபேய் செங்கல்லைப் போட்டுவிட்டு அவனை நிமிர்த்திப் பிடித்தாள். வில்மா அங்கே ஓடுவதற்காகக் கையை எடுத்தாள். ஆலை மேலே வந்து குப்புற மிதந்தது.

அவனுக்கு மூச்சு திரும்ப வெகுநேரம் ஆயிற்று. வில்மா சொட்டச் சொட்டக் கட்டிலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"தப்பு என்னோடது. கண்ணாடியச் சுரண்டல. எனக்குத் தெரியும். தெரிஞ்சே விட்டேன்."

"அவசரம்" என்றான் ஆர்லன், கண்ணை மூடியபடி. "என்னாலதான்."

"உன்னால இல்ல!" அவள் கத்தியதில் ஃபேய் திடுக்கிட்டாள். "உன்னால இல்ல ஆர்லன். உனக்கு நாள் இல்லாமப் பண்ணது நீயா? அவனுங்க திருடின நாளையெல்லாம் நான் எதுல போய்த் தேடுவேன்? பசைலதான் தேடினேன், சொல்லிட்டேன், போதுமா!"

மறுபடி பின்னறை. மறுபடி குப்பைத் தொட்டி. வில்மா பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைச் சுரண்டினாள். தொட்டிக்குள் மண்டியிட்டு, தகடு மாற்றி மாற்றி, விரல் நுனிகள் வெட்டுப்பட்டு ரத்தம் கண்ணாடியில் தீற்ற, அதையும் துடைத்துவிட்டுச் சுரண்டினாள். முறிந்த புகைபோக்கியை ஒட்டவைத்தாள். விளிம்பு முழுக்கப் பசை, நடுவிலும் பசை, மேலே கண்ணாடிப் பட்டை கொண்டு ஒரு பூட்டு. பிறகு ஒன்றும் செய்ய முடியாது, காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருந்தாள். பின்னறைக்குப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தால், அவன் அந்தச் சன்னலைப் பார்த்தபடி படுத்திருப்பான். அந்த நாட்கள் அவனுடையவை. எடுத்துக்கொண்டது அவள்.

இரண்டாம் முறை நிரப்பியபோது ஃபேய் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வில்மா தோட்டக்குழாயைத் திறந்தாள். ஆலையைப் பிடித்துவைக்கப்போவது ஜெபமா சவரத்தகடா என்பது அவளுக்குத் தெரியும். தண்ணீர் கூரையை மூடியது. ஆலை அசையவில்லை. வில்மா வடிகட்டியைப் போட்டாள். துளையிட்ட குழாயிலிருந்து நீரோட்டம் உதறுமேடைமேல் பாய்ந்தது. அங்கே அவள் தூவி வைத்திருந்த கொஞ்சம் மணல் முதலில் எழும்பியது, பிறகு அப்படியே படிந்து அடங்கிவிட்டது.

ஆர்லன் அதைப் பார்த்தான். அப்போது அவனால் முழு வாக்கியம் பேச முடியாது.

"அடங்கிடுச்சு" என்றான்.

அன்றிலிருந்து அவன் தொட்டியைத் தவிர வேறு பக்கம் பார்க்கவில்லை. வில்மாவுக்கு ஒரே வெறி. பாதி வேலைதானே ஆகியிருக்கிறது. மீன் வேண்டாமா? அவன் அந்த மீன்களைக் குஞ்சிலிருந்து வளர்த்தவன். தினம் தண்ணீரை இறைத்தாள், ஊற்றினாள். வினிகர் விட்டுக் கழுவினாள். தினம் குப்பியில் சொட்டு விட்டாள். ஊதா. கத்தரிப்பூ ஊதா. தண்ணீரை இறைத்தாள். ஊதா. குப்பியைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறம் கொஞ்சம் குறைந்ததாகத் தன் கண்ணுக்கே பொய் சொல்லிப் பார்த்தாள். மறுபடி விட்டாள். சிமெண்டுக்கு அவள் அவசரம் தெரியாது, அவனுடைய நோவும் தெரியாது. தன்பாட்டுக்குச் சுண்ணாம்பைக் கக்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை செவிலி வந்து பார்த்துவிட்டு, போகும்போது வில்மாவின் தோளைத் தொட்டாள். அதில் எல்லாம் இருந்தது.

வில்மா நேரே நிலவறைக்குப் போனாள். வலையில் ஒரு மீனைப் பிடித்து வாளியில் விட்டுத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெரிய மஞ்சள் மீன். ஆர்லன் அதற்கு சூப்பர்வைசர் என்று பேர் வைத்திருந்தான். ஒரு வேலையும் செய்யாமல் மற்ற மீன்களை விரட்டிக்கொண்டே திரியும் என்பதால்.

"இத விடறேன். பாரு. உன் ஆளு" என்றாள்.

ஆர்லன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மேசைமேல் இருந்த குப்பியைப் பார்த்தான். மீனை வளர்த்தவனுக்கு ஊதா என்றால் என்னவென்று தெரியும்.

"வேணாம்."

"இந்த மீனு தாங்கும். காரத் தண்ணி ஏரியிலேருந்து வந்த ஜாதி. கொஞ்ச நேரம்தான். நீ பாத்ததும் எடுத்துடறேன்."

"வெந்துடும்."

"வேகட்டும்!" வாளியை அவள் கீழே வைக்கவில்லை. வாளித் தண்ணீர் ததும்பித் தரையில் சிந்தியது. "ஒரு மீனு ஆர்லன்! எனக்கு ஒரு மீனு பெருசா? எல்லாத்தையும் சரியாச் செஞ்சு என்ன கண்டோம்? நீ சரியாத்தான் வேலைக்குப் போன. சரியாத்தான் சம்பாரிச்ச. ஒரே ஒரு தடவ தப்பாச் செய்ய விடு. நீ பாக்காமப் போனா நான் இத வச்சு என்ன பண்ணுவேன்?"

ஆர்லன் கையைத் தூக்கினான். தூக்க முடியாமல் போர்வைமேல் விழுந்தது. அவள் குனிந்தாள். அவன் ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாக மூச்சு வாங்கிப் பேசினான்.

"காத்து... சரியாகாம... எங்கள உள்ள விட்டானுங்க. நீ... தண்ணி சரியாகாம... விடாத."

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

சற்றுப் பொறுத்து அவன் உதடு கோணியது. சிரிக்கிறான் என்று புரிய அவளுக்கு ஒரு கணம் ஆயிற்று.

"சரியானதும்... மொதல்ல... சூப்பர்வைசர விடு. அவனுங்க... ஒருத்தனும்... அந்த மேடைக்கு வந்ததே... இல்ல."

அவள் மீனை நிலவறைக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். படியில் உட்கார்ந்து வாயைச் சட்டைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு மேலே வந்து தண்ணீர் இறைக்க ஆரம்பித்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், அவள் வாளியோடு பின்வாசலுக்குப் போய்ப் பனிமேல் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. ஆர்லன் மூச்சு விடவில்லை. முகம் தொட்டிப் பக்கம் திரும்பியிருந்தது. அங்கே தண்ணீரும் ஆலையும் மட்டும். குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

ஃபாதர் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் நல்ல எடத்துக்குப் போயிட்டாரும்மா" என்றார்.

"நல்ல எடம் அவன் கேக்கல ஃபாதர். தண்ணிதான் கேட்டான்" என்றாள் வில்மா.

அடக்கத்தன்று பிரெண்டல் நிர்வாகம் ஆளுயர மலர்வளையம் அனுப்பியது. கொண்டுவந்தவன் இறக்கி வைத்ததை அவள் ஒருத்தியாகவே தூக்கி, அவன் வண்டியிலேயே திருப்பி ஏற்றினாள். அவன் பயந்துபோய், "நான் பூக்கடைதாம்மா" என்றான். "தெரியும். உன்மேல கோவமில்ல. ஓட்டு" என்றாள்.

எல்லாரும் போனபிறகும் அவள் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தவில்லை. ஃபேய் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: "யாருக்குடி இன்னும் இறைக்கற?"

"மீனுக்கு."

பனி உருகிக் கூரை விளிம்பிலிருந்து சொட்டிய ஒரு காலை, குப்பியில் ஊதா வெளிறியிருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை விட்டுப் பார்த்தாள். அதற்கு மறுநாளும் பார்த்தாள். இவ்வளவு நாள் வராத நிறம், யாருக்காக வரவேண்டுமோ அவன் இல்லாத வீட்டில் வந்து நின்றது. குப்பியைச் சுவரில் வீசி உடைக்கத் தோன்றியது. உடைக்கவில்லை. கழுவி வைத்தாள்.

ஃபேயைக் கூப்பிட்டாள். இருவருமாக நிலவறையிலிருந்து வாளியைக் கொண்டுவந்தார்கள். மற்ற மீன்களைப் பீப்பாயிலேயே விட்டுவிட்டு, சூப்பர்வைசரை மட்டும் தொட்டிக்குள் இறக்கினாள்.

அது முன்கண்ணாடியோரம் இரண்டு தடவை மேலும் கீழும் போனது. யாரையாவது விரட்டலாமென்று தேடியது. யாரும் இல்லை. புகைபோக்கியை முட்டிப் பார்த்தது. பிறகு வாசலுக்கு வந்தது, தயங்கியது.

"உள்ள போ" என்றாள் வில்மா.

ஃபேய் அவளைப் பார்த்தாள்.

"போ. உள்ள போய் நில்லு. எப்படி இருக்குன்னு பாரு."

மீன் வாசலுக்குள் நுழைந்தது. உதறுமேடைக்கு மேலே, குழாயின் கீழே போய், ஓட்டத்தில் தள்ளாடி, துடுப்பை அடித்துச் சமாளித்து நின்றது. செவுள்கள் திறந்து மூடின. வில்மா ஆர்லனின் வெறுங்கட்டிலில் உட்கார்ந்து, அந்தச் செவுள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.